அந்த 41 நாள் லீவு

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணியினருக்கும், பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்கும் வணக்கம். மற்ற வணக்கங்களை நேரம் இருந்தால் கடைசியில் சொல்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு வரி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார், அந்தச் சூடு ஆறுவதற்குள் நான் பேசியாக வேண்டும்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். மாணவரிடம் ஆசிரியர் தவறாக நடந்தால் சமூகம் காட்டும் கோபம் ஆண், பெண் பார்த்து மாறுகிறதா, மாறுவதில்லையா? மாறுகிறது என்பது எங்கள் கட்சி. யார் செய்தாலும் ஊர் ஒரே மாதிரிதான் கொதிக்கிறது என்பது அவர்கள் கட்சி. அந்தக் கட்சியைக் காப்பாற்ற வந்த அண்ணன், மாணவனிடம் தவறாக நடந்த ஒரு ஆசிரியையைப் பற்றிப் பேசும்போது இதே மைக்கில் என்ன சொன்னார்? "எங்க காலத்துல இப்படி ஒரு டீச்சர் வந்திருந்தா, நான் ஒரு நாள்கூட லீவு போட்டிருக்க மாட்டேன்."

விசில் பறந்தது. பின்னால் நிற்கிற தம்பிகள் கைதட்டு அடங்கவே ஒரு நிமிஷம் ஆனது. நடுவர் ஐயாவும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள், நான் பார்த்தேன் ஐயா.

அண்ணா, நீங்கள் உங்கள் கட்சிக்குப் பேச வந்து எங்கள் கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டீர்கள். அரை மணி நேரத்துக்கு முன்னால் உங்கள் அணியின் முதல் பேச்சாளர் ஒரு ஆண் ஆசிரியரைப் பற்றிச் சொன்னபோது இதே கூட்டம் எப்படி இருந்தது? முன்வரிசையில் பச்சைப் புடவை கட்டிய அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "அவனை எல்லாம் நிக்க வெச்சு வெட்டணும்" என்றார். எனக்குக் காதில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் அடி விழுந்திருக்கும். நீங்கள் ஆசிரியையைப் பற்றிப் பேசினீர்கள், விசில் வந்தது. ஒரே பந்தல், ஒரே கூட்டம், ஒரே குற்றம், நடுவில் அரை மணி நேரம்தான். எங்கள் அணி இதற்கு மேல் சாட்சி கொண்டுவர வேண்டுமா?

இதோடு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் அந்த "லீவு" என்ற வார்த்தை என்னை உட்கார விடவில்லை.

நான் ஒரு டீச்சர். 27 வருஷமாகச் சாக்பீஸ் பிடித்த கை இது. "டீச்சரம்மாவே டீச்சருங்களைக் காட்டிக் கொடுக்கலாமா?" என்று எதிரணிச் சகோதரி கேட்டார். அம்மா, என் தொழிலில் ஆயிரக்கணக்கான பெண்கள் தாய் மாதிரி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் மேல் இருக்கிற மரியாதையால்தான் பேசுகிறேன். அந்த மரியாதைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற ஒருத்தியைப் பற்றிப் பேசாமல் விட்டால், அது மற்ற அத்தனை பேருக்கும் செய்கிற துரோகம்.

லீவுக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். திருச்சிக்கும் கரூருக்கும் நடுவில், காவிரிக் கரையில் ஒரு ஊர். ஊர் பெயர் வேண்டாம், பள்ளிக்கூடத்தின் பெயரும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு நான்தான் வகுப்பாசிரியை. என் வகுப்பில் ஒரு பையன். பூ கட்டி விற்கிற அம்மாவுக்கு ஒரே மகன். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பிலும் ஒரு நாள்கூட லீவு போடாதவன். ஆண்டு விழாவில் முழு வருகைக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுப்பார்கள், மூடியில் பெயர் வெட்டி. அவனிடம் மூன்று இருந்தது. அந்த அம்மா மூன்றையும் ஒரு நாள்கூடச் சாப்பாட்டுக்கு எடுக்கவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்து, நாலாவதுக்கு இடம் விட்டு வைத்திருந்தார். நான் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன், அந்த இடத்தைப் பார்த்திருக்கிறேன்.

ஜூலை கடைசியில் அந்தப் பையன் முதல் லீவு போட்டான். அடுத்த வாரம் ஒன்று. அப்புறம் வாரத்துக்கு இரண்டு. அப்போதெல்லாம் செயலி கிடையாது, நீளமான வருகைப் பதிவேடுதான். சிவப்பு மையில் ஆப்சென்ட் போடுவேன். ஜனவரி முடிகிறபோது கூட்டிப் பார்த்தேன். 41 நாள்.

அண்ணா, உங்களிடம்தான் சொல்கிறேன். ஒரு நாள்கூட லீவு போட்டிருக்க மாட்டேன் என்றீர்களே. போட்டான் அண்ணா. மூன்று வருஷம் ஒரு நாள்கூடப் போடாதவன், அந்த ஒரு வருஷத்தில் 41 நாள் போட்டான்.

அந்த வருஷம் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னேன். "சினிமாவுக்குப் போனியா, ஆத்துல மீன் பிடிக்கப் போனியா"ன்னு முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்துக் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். திமிர் என்று நினைத்தேன். பதிவேட்டில் அந்தச் சிவப்பு மைக் குறிகள் எல்லாம் வாரத்தில் அதே இரண்டு கிழமையில்தான் விழுந்திருந்தன. செவ்வாய், வெள்ளி. செவ்வாய், வெள்ளி. குறி போட்டது என் கைதான், என் கண்ணுக்குத்தான் அது தெரியவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் கடைசிப் பீரியடு கணக்கு. பள்ளிக்கூடம் விட்டதும் கணக்கு டீச்சர் வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ். நன்றாகப் படிக்கிற பையன், காசு வேண்டாம், நானே சொல்லித் தருகிறேன் என்று அந்த டீச்சர் அவனைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தார்.

அங்கே என்ன நடந்தது என்பதை நான் இந்த மேடையில் சொல்ல மாட்டேன். அது அவனுடையது. அதைச் சொல்லி உங்களைப் பதறவைத்து நான் கைதட்டு வாங்கக் கூடாது. பதினான்கு வயசுப் பையனுக்கு நடக்கக் கூடாதது நடந்தது, அவன் தப்பிக்கத் தெரிந்த ஒரே வழியில் தப்பித்தான். அந்த வழிக்குப் பெயர்தான் லீவு.

பிப்ரவரியில் அந்த அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். காலை இன்டர்வல் நேரம். கூடையில் விற்காத கனகாம்பரம் வாடிக் கிடந்தது. ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "பையன் ராத்திரியில தூங்க மாட்டேங்குறான் டீச்சர், விளக்கை அணைக்க விட மாட்டேங்குறான்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி மீதியைச் சொன்னார். அந்த அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டு அந்த நாலு வார்த்தையைச் சொல்லியிருப்பார் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தலைமையாசிரியர் கேட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "விடும்மா. ஆம்பளப் பையன்தானே. வெளிய சொன்னா உனக்குத்தான் அசிங்கம்."

ஆம்பளப் பையன்தானே. ஒன்றரை வார்த்தையில் விசாரணை முடிந்தது, தீர்ப்பும் முடிந்தது. அந்த அம்மா கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் படியிறங்குவதற்குள் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு சார், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, "கொடுத்து வெச்ச பய" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெண்களும்தான் சிரித்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே அம்மாவுக்காகக் காத்துக்கொண்டு அந்தப் பையன் நின்றிருந்தான்.

இப்போது புரிகிறதா அண்ணா, உங்கள் வரியைக் கேட்டதும் எனக்கு ஏன் கை நடுங்கியது என்று? இருபத்து மூன்று, இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த ஸ்டாஃப் ரூமில் கேட்ட அதே வரி. அன்றைக்குப் பிஸ்கட்டோடு வந்தது, இன்றைக்கு மைக்கில் வந்தது. அவ்வளவுதான். நீங்கள் நல்ல மனுஷர், எனக்குத் தெரியும். கூட்டத்தைச் சிரிக்கவைக்கச் சொன்னீர்கள். ஆனால் இந்தப் பந்தலில் ஏழெட்டுப் பள்ளிக்கூடப் பையன்கள் யூனிபார்மோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவனுக்கு நாளைக்கு ஏதாவது நடந்தால், சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது அவன் காதில் எது கேட்கும்? இந்த விசில்தான் கேட்கும்.

கதை முடியவில்லை ஐயா, மணியை அடித்துவிடாதீர்கள். அந்தக் கணக்கு டீச்சருக்கு என்ன ஆனது? அடுத்த ஜூனில் வேறு ஊருக்கு மனமொத்த மாறுதல். வழியனுப்பு விழா நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள், கேசரியும் மிக்சரும் கொடுத்தார்கள். போன இடத்திலும் ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான் எடுத்திருப்பாள்.

அதே வருஷம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு சார், ஒரு மாணவியிடம் தவறாக நடந்தார். ஊரே திரண்டது. பஸ் மறியல். அந்தச் சாரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து போலீசில் ஒப்படைத்தார்கள். வேலை போனது, ஜெயிலுக்குப் போனார். போக வேண்டியவர்தான், நான் அதில் ஒரு அடிகூடக் குறைக்கச் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் பாதியை என் பையனுக்கும் கொடுத்திருக்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

சரி, அந்தப் பெண் பிள்ளைக்காவது நியாயம் கிடைத்ததா? "இவ ஏன் தனியா ரெக்கார்டு நோட்டைக் கொண்டு போனா?" என்று அதே மறியல் பண்ணின ஊர் கேட்டது. பத்தாவது பரீட்சை எழுதவில்லை. டிசி வாங்கினார்கள். அடுத்த வைகாசியில் மாமன் மகனுக்குக் கட்டிவைத்தார்கள். ஊருக்குக் கோபம் வந்தது உண்மை, ஆனால் அது அந்தப் பிள்ளைக்காக வந்த கோபம் இல்லை, மானத்துக்காக வந்தது. பொம்பளைப் பிள்ளை என்றால் ஊரின் மானம், அதைக் கெடுத்தவனுக்கு அடி, கெட்டுப்போனதாகச் சொல்லி அவளுக்குப் பூட்டு. ஆம்பளப் பிள்ளை என்றால் மானம் என்ற பேச்சே கிடையாது, அதனால் யாருக்கும் அடி இல்லை, அவனுக்கு ஒரு சிரிப்பு. இரண்டு பிள்ளைகளையும் "உனக்கு வலிக்குதாடா, வலிக்குதாம்மா" என்று ஒருவர் கேட்கவில்லை.

எதிரணிச் சகோதரி சட்டம் பேசினார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தில் ஆண், பெண் வித்தியாசமே இல்லையே, அப்புறம் எங்கே இரட்டை அளவுகோல் என்றார். 2012இல் வந்த அந்தச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே யாராக இருந்தாலும் குழந்தைதான், நான் ஒத்துக்கொள்கிறேன். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை; தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருஷம் வரை. அந்தச் சட்டம் அன்றைக்கு இருந்திருந்தால் அந்தத் தலைமையாசிரியர் கம்பி எண்ணியிருப்பார், அந்த அறையில் உட்கார்ந்திருந்த நானும் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தச் சட்டம் வந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, 2024 ஆகஸ்டில், டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஏன்? சட்டத்தின் ஆங்கில வாசகத்தில் "அவன்" என்றுதானே இருக்கிறது, பெண் மேல் பாலியல் வன்கொடுமைப் பிரிவில் எப்படிக் குற்றம் சாட்ட முடியும் என்று வாதம். இல்லை, பெண்ணையும் அது குறிக்கும் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியதாகப் போயிற்று.

இன்னொன்று சொல்கிறேன், தாய்மார்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 361ஆம் பிரிவு. பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் பிள்ளையை அழைத்துக்கொண்டு போனால் அது கடத்தல். எத்தனை வயசு வரைக்கும்? பெண் பிள்ளைக்கு 18. ஆண் பிள்ளைக்கு 16. பதினேழு வயசுப் பெண்ணை அழைத்துப் போனால் கடத்தல், பதினேழு வயசுப் பையனை அழைத்துப் போனால் அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை. 2024 ஜூலை 1ஆம் தேதி அதற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அது இருவருக்கும் ஒன்றானது. நேற்று மாறியது ஐயா. சட்டப் புத்தகத்திலேயே நேற்றுதான் மாறியது, ஊர்த் திண்ணையில் எப்போது மாறுவது?

திண்ணையை விடுங்கள், செய்தித்தாளைப் பாருங்கள். ஆசிரியை ஒரு மாணவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் தலைப்பு என்ன? "மாணவனுடன் ஆசிரியை ஓட்டம்." ஓட்டமாம். சம்மதித்த இரண்டு பேர் சேர்ந்து போனால்தானே ஓட்டம்? பதினைந்து வயசுப் பிள்ளையைப் பெரியவர் ஒருவர் கூட்டிப் போவதற்கு ஓட்டம் என்று பெயரா? அடுத்த வரியில் "உல்லாசம்" என்று ஒரு வார்த்தை வரும். யாருக்கு உல்லாசம்? விளக்கை அணைக்க விடாத பிள்ளைக்கா? ஆண் ஆசிரியர் என்றால் வார்த்தை நேராக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. "சில்மிஷம்" என்று போடுகிறார்கள். பாலைத் திருடிக் குடிக்கிற பூனை செய்வதுதான் சில்மிஷம், தோட்டத்தில் மாங்காய் அடிக்கிற வாண்டுகள் செய்வதுதான் சில்மிஷம். ஒரு பெண் குழந்தையின் வாழ்க்கையை நாசம் செய்ததற்கு அந்த வார்த்தையா? தமிழில் வார்த்தைக்கா பஞ்சம்? கொடுமை என்ற வார்த்தை இருக்கிறது, குற்றம் என்ற வார்த்தை இருக்கிறது. எடுத்துப் போட மனசு வரவில்லை.

நம் ஊர் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் 2005இல் முடிந்த ஒரு வழக்கு. ஆசிரியை, 14 வயது மாணவன். அவளுக்காக வாதாடிய வக்கீல், இவ்வளவு அழகான பெண்ணைச் சிறையில் போடுவது சிங்கங்களுக்கு நடுவில் இறைச்சியைப் போடுவது மாதிரி என்று வெளிப்படையாகவே சொன்னார். கடைசியில் ஜெயில் இல்லை, மூன்று வருஷம் வீட்டுக் காவல். அந்தப் பையனின் அம்மாவும் வழக்கு நடந்தால் டிவிக்காரர்கள் தன் பிள்ளையைக் காட்சிப் பொருள் ஆக்கிவிடுவார்கள் என்று பயந்தார். பார்த்தீர்களா, காவிரிக் கரையில் பூக்கூடையோடு திரும்பிப் போன அம்மாவுக்கும் கடல் தாண்டி இருக்கிற அந்த அம்மாவுக்கும் ஒரே பயம்தான். அதே நாட்டில் வாஷிங்டன் மாநிலத்தில் மேரி கே லெட்டூர்னோ என்ற ஆசிரியை, 34 வயது, தன்னிடம் இரண்டாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் படித்த பையனிடம் நடந்துகொண்டதற்காக 1997இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். முதலில் சில மாதம்தான் ஜெயில், ஏழரை வருஷத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. வெளியே வந்து நிபந்தனையை மீறிய பிறகுதான் அந்த முழுத் தண்டனை. 2005இல் அந்தப் பையனையே கல்யாணம் செய்துகொண்டார், டிவிக்காரர்கள் கேமராவோடு போனார்கள். உலகத்தில் நிறையப் பேர் அதைக் காதல் கதையாகப் பேசினார்கள். ஆண் ஆசிரியர் ஒருவர் தன்னிடம் ஆறாம் வகுப்பு படித்த பெண் குழந்தையைப் பிற்பாடு கட்டிக்கொண்டால் யாராவது காதல் கதை என்பார்களா? வாயில் வருமா அந்த வார்த்தை?

செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள்தான். இதை நான் மறைக்கவில்லை, மறைத்தால் என் பேச்சில் நியாயம் இருக்காது. ஆனால் பாதிக்கப்படுகிறவர்கள் பெண் குழந்தைகள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அது தப்பு. 2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒரு ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள். ஏதாவது ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். அப்படிச் சொன்னவர்களில் பையன்கள் எவ்வளவு தெரியுமா? 52.94 சதவீதம். பாதிக்கும் மேலே பையன்கள். நீங்கள் பெற்ற பையன்கள் அம்மா. பொண்ணு வாசலைத் தாண்டினால் எங்கே போற, யார் கூடப் போற, எப்ப வருவே என்று மூன்று கேள்வி. பையனுக்கு ஒரு கேள்வி உண்டா? அவன் தெருவில் விட்ட கன்றுக்குட்டி மாதிரி, பொழுது சாய்ந்தால் தானாகத் திரும்பி வருவான் என்று நினைக்கிறோம்.

நடுவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். இரண்டே நிமிஷம். அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான் என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

பத்தாவதோடு நின்றுவிட்டான். திருப்பூருக்குப் போனான், பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டிருந்த பையன். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாதம், அட்மிஷன் நேரம், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் தன் மகனை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தார். நெற்றியில் முடி கொட்டியிருந்தது, கை விரல் எல்லாம் கத்தரிக்கோல் பிடித்த தழும்பு. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான், "டீச்சர், ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு" என்றார்.

எனக்குக் கால் நிற்கவில்லை. "தம்பி, உன்னை நான் பெஞ்சு மேல..." என்று ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. அவர் சொன்னார்: "அன்னிக்கு ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் சிரிச்சாங்க டீச்சர். நான் ஜன்னல்ல பாத்துக்கிட்டுதான் நின்னேன். நீங்க மட்டும் சிரிக்கல."

நான் மட்டும் சிரிக்கவில்லை. உண்மைதான். விடைத்தாள் கட்டு மேல் குனிந்துகொண்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த அம்மா பின்னாலேயே எழுந்து ஓடவில்லை, மறுநாள் அந்தப் பையனைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. சும்மா குனிந்துகொண்டேன், அவ்வளவுதான் நான் செய்தது. அதையே அந்தப் பிள்ளை இருபது வருஷம் ஒரு உபகாரம் மாதிரி மனசில் வைத்திருந்திருக்கிறான். அவனுக்கு யாரும் வேறு எதுவும் கொடுக்கவில்லையே. கொடுத்திருந்தால் என் குனிந்த தலையை ஏன் ஞாபகம் வைத்திருக்கப் போகிறான்?

அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டேன். "நல்லா இருக்காங்க டீச்சர். அந்த மூணு டிபன் பாக்ஸும் அதே இடத்துல இருக்கு. பக்கத்துல இருக்கிற எடத்துல இன்னும் எதையும் வைக்க விட மாட்டேங்குறாங்க" என்றார். அப்புறம் மகனை வெளியே போய் விளையாடச் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். அதில் அவருடைய போன் நம்பர். "டீச்சர், அவன் எப்பவாவது ஒரு நாள் லீவு போட்டாலும் எனக்குப் போன் பண்ணுவீங்களா? ஒரே ஒரு நாள்னாலும்" என்றார்.

பள்ளிக்கூடச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 எழுதியிருக்கிறோம், பள்ளிக்கல்வி உதவி எண் 14417 எழுதியிருக்கிறோம், வராண்டாவில் பிள்ளைகள் புகார் எழுதிப் போட மாணவர் மனசுப் பெட்டி வைத்திருக்கிறோம். எல்லாம் இருக்கிறது. அந்த மனுஷர் அதில் எதையும் கேட்கவில்லை, ஒரு போன் கேட்டார்.

பண்ணுகிறேன் என்றேன். அவர் மகன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பன் மாதிரியே கணக்கில் சூட்டிகை, அப்பன் மாதிரியே தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான். போன செவ்வாய்க்கிழமை காலையில் வருகை எடுத்தேன், அவன் வரவில்லை. வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வராண்டாவுக்கு வந்து அவருக்குப் போன் போட்டேன். மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் அவர் முதல் ரிங்கிலேயே எடுத்தார். "காய்ச்சல் டீச்சர், காய்ச்சல்தான். நானே ராத்திரியெல்லாம் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டேன்" என்றார்.

வணக்கம்.